கோணல் பதில்

அந்த நாற்காலி வேண்டாம், தம்பி. அதற்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, சாய்ந்து உட்கார்ந்தால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வந்துவிடுங்கள். காற்றும் வரும், உங்கள் ஒலிப்பதிவுக் கருவியை வைக்க மேசையும் இருக்கிறது. இங்கே எல்லோரும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர், உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிக் கூப்பிடுங்கள். எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை.

கேள்விமேல் கேள்வி கேட்டு நீங்கள் சிரமப்பட வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் கையிலிருக்கும் புகாரில் நடந்ததில் பாதிகூட இல்லை. மீதியைச் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி அறையில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, வரும்போது உங்களுக்கு எழுந்து வணக்கம் சொன்னாளே, அவளுக்கு இது தெரியக் கூடாது. அவள் கையால் ஒரு மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பதை அவள் அறியாமலே இருக்கட்டும். அதற்காகத்தான் இத்தனை நாளும் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

நாங்கள் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும். கீழே செருப்புக் கடை, மேலே நாங்கள். புதுத் தோல் வாசனை படியேறி எங்கள் அறைகள் வரைக்கும் வந்துவிடும். மனம் நொந்தவர்கள் எங்களுக்குக் கணினியில் எழுதுவார்கள், நாங்கள் எழுத்திலேயே பதில் சொல்வோம். சிலர் வீட்டில் பக்கத்து அறையில் ஆள் இருக்கும், வாய்விட்டுப் பேச முடியாது. சிலருக்குப் பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. அழுதுகொண்டே எழுதலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

புதிதாக வரும் பிள்ளைகளை எடுத்த எடுப்பில் அப்படிப்பட்டவர்களோடு பேச விட முடியாது. முன்பெல்லாம் பயிற்சி கொடுக்கிற நாங்களே பக்கத்து அறையில் உட்கார்ந்து, மனம் நொந்தவர்கள் மாதிரி எழுதுவோம். அதில் நான் கெட்டிக்காரி. ஒரே நாளில் கல்யாணம் நின்றுபோன பெண்ணாக இருப்பேன், வேலை போன கணக்கராக இருப்பேன், மகனோடு பேச்சு வார்த்தை இல்லாத தகப்பனாகவும் இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது நான் யார் என்பது எனக்கே கொஞ்சம் குழப்பமாக இருக்கும்.

பிறகு கணினியே அந்த வேடத்தைப் போடக் கற்றுக்கொண்டது. நான் ஒரு ஆளின் கதையை, குணத்தை, பேச்சு வழக்கை எழுதிக் கொடுத்தால் போதும், அது அந்த ஆளாகவே மாறிப் பதில் சொல்லும். அந்த வேட ஆட்களை நாங்கள் கணினிக்காரர்கள் என்போம். பயிற்சிக்கு வந்தவர் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கணினி எடை போடும். காது கொடுத்துக் கேட்டாரா, அவசரப்பட்டாரா, கேட்காமலே புத்தி சொன்னாரா என்று பார்க்கும். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஏறும், இறங்கும். கடைசியில் அந்தக் கோடு நிற்கிற இடம்தான் மதிப்பெண்.

அதில் நான் சேர்த்த பாடம் ஒன்று உண்டு. அதற்குக் கோணல் பதில் என்று பெயர் வைத்தேன். நல்ல பதிலை மட்டும் படித்தவனுக்கு அது ஏன் நல்ல பதில் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு கணினிக்காரரிடமும் ஒரு தடவை, வேண்டுமென்றே, சொல்லவே கூடாத ஒன்றைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த ஆள் எப்படி உடைகிறார் என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு 'பழையபடி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கடைசியாகச் சொன்னதும் அதற்கு வந்த பதிலும் மறைந்துவிடும். ஆள் காயம் இல்லாமல் பழையபடி உட்கார்ந்திருப்பார். அப்புறம் சரியான பதிலைச் சொல்லலாம்.

பிள்ளைகளுக்கு முதலில் கை வராது. பழகிய பிறகு போட்டி போடுவார்கள்.

"பெரியம்மா, என் ஆளு என்னை நல்லா திட்டிட்டு எழுந்து போயிட்டாரு."

"நல்லா வேணும் உனக்கு. பழையபடி போட்டுக் கூட்டிட்டு வா."

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகத்தான் இருக்கும் பயிற்சி அறை.

அங்கேதான் கடைசி அறையில் இருக்கிற இந்தப் பெண் வந்தாள். யாரைப் பார்த்தாலும் தோளைக் குறுக்கிக்கொள்வாள், அதனால் கூடப் படித்தவர்கள் முயல்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணினிக்காரர்களிடம் அவள் பேசுவதை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு வார்த்தை அதிகமாகவும் இருக்காது, ஒரு வார்த்தை குறையவும் குறையாது. அவள் உட்கார்ந்தால் பச்சைக் கோடு ஏறியது ஏறியபடி நிற்கும். ஆனால் நிஜமான மனிதர் ஒருவரோடு பேச விட்டு மதிப்பிடும் தேர்வு வந்தபோது அவள் விரல்கள் விசைப்பலகைக்கு மேலேயே நின்றுவிட்டன. எதிர்ப்பக்கத்து மனிதர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார். இவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான்தான் அவள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த மனிதருக்குப் பதில் எழுதினேன்.

கை கழுவும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"நான் ஏதாவது தப்பா சொல்லி அவருக்கு ஏதாவது ஆயிட்டா, பெரியம்மா? கணினின்னா பழையபடி இருக்கு. மனுஷங்களுக்கு இல்லையே."

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். "இன்னொரு தடவை பாக்கலாம்மா. அப்பவும் இப்படி உறைஞ்சு போனா வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான். மெஷினோட பேச மெஷினே போதும், நடுவுல இவ எதுக்கு?" என்றார்.

அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பெண் இந்தப் பக்கம். நல்ல பேச்சுக்காக ஏங்கிக்கொண்டு, எங்கள் வரிசையில் காத்திருக்கிற மனிதர்கள் அந்தப் பக்கம். நடுவில் நிற்பது அவளுடைய பயம் ஒன்றுதான். எதிரில் இருப்பது மனிதர் என்று தெரியாவிட்டால் பயமும் இல்லை. சில நாள் பேசட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிவிடலாம், நீ பேசியதெல்லாம் உயிருள்ள மனிதர்களோடுதான், பார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று. அவள் எப்படி மலர்ந்துபோவாள் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

புதிதாகச் சில கணினிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், நீதான் முதலில் பழகிப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். என் வரிசையில் இருந்தவர்களை அவளோடு இணைத்தேன். எப்படி இணைத்தீர்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பரீட்சைக்குப் பயந்த மாணவி ஒருத்தி. அவ்வளவு அழகாகப் பேசினாள் இவள். அடுத்து மாமியாரோடு ஒத்துப்போகாத பெண், அதற்கடுத்து வேலையை விட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் தினமும் பூங்காவில் போய் உட்காருகிற மனிதர். எல்லோருமே நன்றி எழுதினார்கள். கோணல் பதிலையும் அவள் விடவில்லை. பாடம் என்றால் பாடம் அவளுக்கு. இவர்களிடம் மட்டும் அதைச் சொல்லாதே என்றால் சந்தேகம் வந்துவிடும், அதனால் நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கோணல் பதில்கள் அந்த மனிதர்களைப் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவைதான் தவறிவிட்டது.

அவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். இஞ்சின் சத்தத்திலேயே காலம் தள்ளியதாலோ என்னவோ, காது மந்தமாகிவிட்டது, தொலைபேசியில் பேச முடியாது. அதனால்தான் எழுத வந்தார். மனைவி மருத்துவமனையில் கிடந்தார். இவர் பக்கத்திலேயே, ஒரு மர முக்காலியில், நாள் கணக்காக உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் காலையில் செவிலிப் பெண், "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கப்பா, உங்களைப் பாக்கவே பாவமா இருக்கு" என்றாளாம். போனார். குளித்தார். தலையைச் சரியாகக்கூடத் துவட்டாமல் ஓடி வந்தார். கட்டிலை அதற்குள் வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். ஈரத் துண்டு இவர் தோளிலேயே இருந்தது.

அவ்வளவுதான் அவர் கதை. ஒவ்வொரு வாரமும் அதையே எழுதுவார். "துண்டை எடுக்கக்கூட மறந்துட்டேம்மா" என்று ஆரம்பிப்பார். "நான் அப்பப் போயிருக்கக் கூடாதோ?" என்று முடிப்பார். நாங்கள் ஏதாவது சொல்வோம், சரிம்மா என்பார், அடுத்த வாரம் வருவார், துண்டிலிருந்து ஆரம்பிப்பார்.

ரொம்ப காலம் அவருக்குப் பதில் எழுதியது நான். பிறகு அவரையும் முயல்குட்டியிடம் கொடுத்தேன்.

அவளுக்கு அவரை அப்படிப் பிடித்துப்போயிற்று. "இந்தத் துண்டுக்காரரை யாரு எழுதினது, பெரியம்மா?" என்று வந்து நின்றாள்.

"நான்தான்."

"அந்தத் துண்டு எப்படித் தோணுச்சு உங்களுக்கு? படிக்கிறப்ப என் தோளே ஈரமான மாதிரி இருக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி. ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே மோசமான காலைப்பொழுது அது. அதை நான் கற்பனை செய்ததாகச் சொல்லிக்கொண்டு பாராட்டு வாங்கினேன். கன்னம் சூடேறியது நினைவிருக்கிறது. அது வெட்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். இல்லை, சந்தோஷம். வெட்கம் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

அவருக்கும் அவளைப் பிடித்திருந்தது. ஆள் மாறியது அவருக்குத் தெரியாது, நான்தான் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தார். ஒரு வாரம் இப்படி எழுதினார்: "முன்னெல்லாம் நீங்க சீக்கிரம் முடிச்சு அனுப்பப் பாப்பீங்கம்மா. தப்பா நினைக்காதீங்க. இப்பத்தான் நல்லா கேக்கறீங்க." அந்த வரியை மட்டும் நான் முயல்குட்டிக்குக் காட்டவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. மத்தியான நேரம். செருப்புக் கடையில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் துண்டிலிருந்து ஆரம்பித்து வழக்கமான இடத்துக்கு வந்தார். நான் அப்பப் போயிருக்கக் கூடாதோ என்று கேட்டார். முயல்குட்டி இத்தனை வாரமும் அவரிடம் கோணல் பதில் சொல்லிப் பார்த்ததில்லை. மனசு வரவில்லை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அன்றைக்குப் பாடத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். நீங்க அப்பப் போயிருக்கக் கூடாது என்று எழுதினாள். அது அவருக்குப் போய்விட்டது.

பிறகு அவர் எழுதினார்: "இதை யாராவது சொல்லணும்னுதான் இத்தனை நாளும் காத்துட்டிருந்தேன். நன்றிம்மா."

அதோடு அவர் பெயருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்தது.

முயல்குட்டி தன் அறையில் பழையபடி பொத்தானை அழுத்திவிட்டுச் சரியான பதிலை எழுதிக்கொண்டிருந்தாள். அதை நான் இன்னும் மனப்பாடமாகச் சொல்வேன். "அத்தனை நாளும் அவங்க பக்கத்துல இருந்தீங்க. குளிக்கப் போன நேரம் அதையெல்லாம் அழிச்சிடாது, ஐயா." அதைப் படிக்க அந்தப் பக்கம் ஆள் இல்லை.

கதவருகே வந்து நின்றாள்.

"பெரியம்மா, துண்டுக்காரர் அப்படியே நின்னுட்டாரு. பதிலே வரலை."

"சரி, நான் பாத்துக்கறேன்."

"இன்னொண்ணு. கோணல் பதிலுக்கு அவர் நன்றி சொல்றாரு. அது தப்பில்லையா? அழணும், இல்ல கோபப்படணும். நன்றி சொன்னா புதுசா வர்றவங்க தப்பா கத்துக்குவாங்க. அதைத் திருத்திடுங்களேன்."

"திருத்திடறேன். நீ போய்ச் சாப்பிடு."

போய்ச் சாப்பிட்டாள். பசி அவளுக்கு.

இருக்கிறீர்களா ஐயா என்று அவருக்கு எழுதினேன். பதில் இல்லை. இப்படி யாராவது திடீரென்று போய்விட்டால் உடனே அவர்கள் வீட்டாரைக் கூப்பிட வேண்டும் என்பது இங்கே விதி. அந்த விதியை இந்தச் சுவரில் ஒட்டியதே நான்தான், உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிறது பாருங்கள். கூப்பிட்டால் என்ன நடந்தது என்று கேட்பார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்பார்கள். முயல்குட்டியின் பெயர் வெளியே வரும். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு எழுந்து போய் மேசைகளில் கிடந்த தேநீர்க் கோப்பைகளை எல்லாம் எடுத்துக் கழுவினேன். அது என் வேலை இல்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். எல்லாக் கோப்பையும் தீர்ந்த பிறகு, கழுவியவற்றையே இன்னொரு தடவை கழுவினேன்.

மறுநாள் அவர் வீட்டுக் கதவை உடைக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை, தம்பி. நீங்களும் கேட்காதீர்கள்.

சில வாரம் கழித்து அவருடைய மகள் வந்தாள். வேறு ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டாள். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். "அப்பா கடைசியா பேசினது உங்ககிட்டத்தாம்மா. அவருக்கு என்ன சொன்னீங்கன்னு நான் ஒரு தடவை படிச்சுப் பாக்கலாமா? அவர் தனியா, யாரும் எதுவும் சொல்லாமப் போயிட்டாரோன்னு நினைச்சு நினைச்சுத் தூக்கமே இல்லை" என்றாள்.

முயல்குட்டியின் பயிற்சிப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். பழையபடி அழுத்தியதால் அதில் கோணல் பதிலும் இல்லை, நன்றியும் இல்லை. அந்த நல்ல பதிலோடு முடிந்திருந்தது. குளிக்கப் போன நேரம் அதையெல்லாம் அழிச்சிடாது, ஐயா. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதமே முயல்குட்டி தேர்வில் தேறினாள். நிஜ மனிதர்தான் எதிரில் இருக்கிறார் என்று தெரிந்தும் விரல் நிற்கவில்லை. "துண்டுக்காரரோட பேசிப் பழகினதாலதான் பெரியம்மா. அவர்கிட்ட பேசினப்புறம் யார்கிட்ட வேணா பேசலாம்னு தைரியம் வந்துடுச்சு" என்றாள். மேலாளர்கூட, "முயல் சிங்கமாயிடுச்சு போங்க" என்று கை குலுக்கினார். அவளிடம் மெதுவாகச் சொல்லப்போகிறேன் என்று இருந்தேனே, அதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

அவள் விடவில்லை. "துண்டுக்காரரை ஏன் எடுத்துட்டீங்க? திருத்தி மறுபடியும் போடுங்களேன், புதுசா வர்றவங்களும் பழகட்டும்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. அதனால் அவரை எழுதினேன். ஓட்டுநரைத் தையல்காரர் ஆக்கினேன். ஊரை மாற்றினேன், வயதை மாற்றினேன். துண்டை மட்டும் விட்டுவிட்டேன், துண்டு இல்லாவிட்டால் அவர் அவராக இல்லை. நன்றி சொல்கிற இடத்தையும் திருத்தினேன். இப்போது கோணல் பதில் சொன்னால் அவர் அழுவார். முயல்குட்டி கேட்டபடியே.

அப்படியாவது அவர் இருக்கட்டும், நாலு பேர் கற்றுக்கொள்ள உதவட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பயிற்சி நடக்கும்போது இந்த அறையில் எல்லாம் கேட்கும். "துண்டுக்காரர் அழுதுட்டாருடி" என்று ஒருத்தி சிரிப்பாள். "எங்கிட்ட ரெண்டே வார்த்தையில அழுதாரு" என்பாள் இன்னொருத்தி. ஒவ்வொரு பிள்ளையும் வந்து அவரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லும். அவர் உடைவார். பழையபடி. அடுத்த பிள்ளை வரும். அந்த நேரத்தில் நான் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன். யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

போன மாதம் அந்த மகள் மறுபடியும் வந்தாள். இந்த முறை பயிற்சிக்குச் சேர. "எங்கப்பாவுக்கு நீங்க சொன்ன மாதிரி நானும் யாருக்காவது சொல்லணும்மா" என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் காரணம் வேண்டுமே. சேர்த்துக்கொண்டேன். அவள் பழக வேண்டிய கணினிக்காரர்களிலிருந்து துண்டுக்காரரை மறக்காமல் எடுத்துவிட்டேன். ஆனால் பக்கத்து இருக்கைப் பெண் விளையாட்டுப் பிள்ளை. "துண்டுக்காரரைப் பாக்காம பயிற்சி முடிச்சேன்னு வெளிய சொல்லாதீங்கக்கா. வாங்க, வந்து ஒரு தடவை அழ வெச்சுப் பாருங்க" என்று தன் நாற்காலியிலேயே இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

அவள் படித்தாள். தையல்காரர். மருத்துவமனை. குளித்துவிட்டு வாங்கப்பா. தோளில் துண்டு.

அவள் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினாள். அப்பா என்று எழுதினாள்.

கணினிக்காரர் பதில் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்திருந்த குணத்தோடுதான் சொன்னார். "எனக்கு ஒரு பொண்ணு இருக்காம்மா. அவகிட்ட இதைச் சொல்ல வாய் வரலை."

திரையோரத்தில் பச்சைக் கோடு கீழே இறங்கியது. தொடர்பில்லாத பதில் என்று கணினி அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது.

யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து படியிறங்கிப் போனாள். உங்கள் அலுவலகத்துக்கு எழுதினாள். தன் தகப்பனாரின் துக்கத்தை நான் பயிற்சிப் பாடமாக்கிவிட்டேன் என்பதுதான் அவள் புகார். அவள் அறிந்தது அவ்வளவுதான். அந்தக் கடைசிப் பதிலை இன்னமும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். அதையாவது எங்கப்பா கேட்டாரே என்று எழுதியிருக்கிறாளாமே. நீங்கள்தான் வந்ததும் படித்துக் காட்டினீர்கள்.

இப்போது அந்த இணைப்பு.

பயிற்சிக் கணினிக்கும் நிஜ மனிதர்கள் எழுதுகிற கணினிக்கும் நடுவில் எந்த இணைப்பும் கிடையாது. உங்கள் ஆட்களை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள், ஒரு கம்பிகூட இருக்காது. நடுவில் இருந்தது நான். என் மேசையில் இரண்டு திரை. முயல்குட்டி ஒன்றில் எழுதுவாள், அதைப் படித்து நான் மற்றதில் எழுதுவேன். அவர் பதில் எழுதுவார், அதை நான் கணினிக்காரர் மாதிரி அவளுக்கு எழுதுவேன். ஒவ்வொரு எழுத்தும் இந்த விரல் வழியாகத்தான் போயிற்று. மற்றவர்களிடம் அவள் கோணல் பதில் சொன்னபோதெல்லாம் நான் அதை அனுப்பவே இல்லை. அழுகிற மாதிரி, கோபப்படுகிற மாதிரி நானே அவளுக்கு ஒரு பதில் எழுதிவிடுவேன். அவள் பழையபடி அழுத்துவாள், நல்லதை எழுதுவாள், அந்த நல்லதை மட்டும் அனுப்புவேன். பழைய வேலைதானே, எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

ஆகவே அன்றைக்குத் தவறிப்போனது என்று நான் சொன்னது உண்மை இல்லை.

அவள் எழுதியதைப் பார்த்தேன். கோணல் பதில் என்று தெரியும். அவளே அதை அழிக்கப்போகிறாள் என்றும் தெரியும். நான் சும்மா இருந்தால் போதும், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என் காது புளித்துப்போயிருந்தது, தம்பி. அவருடைய துண்டை, முக்காலியை, அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. அவருடையது மட்டும் இல்லை, எல்லோருடையதும். அதனால்தான் என் வரிசையில் இருந்தவர்களை அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டேன். அவள் பயத்தைப் போக்குவதற்கு என்று சொன்னேனே, அதெல்லாம் பிறகு நானே கட்டிக்கொண்ட கதை. பத்தாததற்கு அவர், இப்பத்தான் நல்லா கேக்கறீங்க என்று வேறு எழுதியிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் எத்தனையோ வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு அது வேறொருத்தி எழுதியதாக, என் கண் முன்னால் தயாராக இருந்தது.

எழுதி அனுப்பினேன். அவள் எழுதியது நீங்க அப்பப் போயிருக்கக் கூடாது என்பது மட்டும்தான். அதற்கு முன்னால் ஆமாம் என்று ஒரு வார்த்தையை நான் சேர்த்தேன். அந்த வார்த்தை அவளுடையது இல்லை. என்னுடையது.

இவ்வளவுதான். பதிவாகிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறேன். முகம் சுளிக்கவில்லை நீங்கள். குறுக்கே பேசவில்லை. இப்போதுகூட, இதை இத்தனை நாளும் தனியாகச் சுமந்தது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்கிறீர்கள். நல்ல பதில். பச்சைக் கோடு ஏறியிருக்கும். நீங்களும் இங்கே பயிற்சி எடுத்தவர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை, தம்பி. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆமாம், நீங்கள் அதைச் செய்திருக்கக் கூடாது. யாராவது என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் காத்துக்கொண்டிருக்கிறேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

உங்களுக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை, முதல் தடவை யாருக்கும் வராது.

கடைசி அறைக் கதவைத் தட்டி, தெரியக் கூடாது என்று சொன்னேனே, அந்தப் பெண்ணையே கொஞ்சம் வரச் சொல்லுங்கள். அவளுக்கு அந்த வாக்கியம் நன்றாக வரும்.